பழைய இரும்புக் கடையில் ஒரு நீல வெளிச்சம்
(உடல்நலப் பாடம்: கதிர்வீச்சு விபத்தும் மருத்துவ உதவியும்)



பாம்புக்கடி, தீக்காயம், மின்சார அதிர்ச்சி என்று வரிசையாக முதலுதவிப் பாடம் பார்த்து வருகிறோம். இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான பாடம். கதிர்வீச்சு விபத்து. "அது அணுமின் நிலையத்துல வேலை பாக்கிறவங்க கவலைப்பட வேண்டியது, ஆடு மாடு வச்சுப் பிழைக்கிற நமக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம்ம கூட்டமைப்பில் எத்தனை பேர் குப்பை தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறார்கள்? எத்தனை வீட்டில் கணவரோ மகனோ பழைய இரும்பு எடுக்கிறார்கள்? உலகத்தில் ஆளைக் கொன்ற கதிர்வீச்சு விபத்துகளில் பல, அணு உலையில் நடக்கவே இல்லை. காயலான் கடையில் நடந்தவை. அதனால் முதலில் ஒரு காயலான் கடையின் கதையைப் பார்ப்போம்.

பிரேசில் நாட்டில் கோயானியா என்று ஒரு ஊர். அங்கே புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தந்த ஒரு தனியார் மருத்துவமனை வேறு இடத்துக்கு மாறியது. போகும்போது ஒரு இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குள் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள், 93 கிராம் தூள். ஒரு சின்ன டம்ளர் உப்பு அளவு, அவ்வளவுதான். 1987 செப்டம்பர் 13-ந் தேதி, பாழடைந்த அந்தக் கட்டிடத்துக்குள் இரண்டு பேர் புகுந்து, ஈயம் நல்ல விலைக்குப் போகும் என்று இயந்திரத்தின் தலைப் பகுதியைக் கழற்றித் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அன்றைக்கே இருவருக்கும் வாந்தி. ஒருவர் டாக்டரிடம் போனார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சில நாளில் அதைக் காயலான் கடைக்காரரிடம் விற்றார்கள். ராத்திரி பார்த்தால் அதற்குள்ளிருந்து நீல வெளிச்சம் வருகிறது! ஏதோ அபூர்வமான பொருள் என்று கடைக்காரர் வீட்டுக்குள்ளே கொண்டு வந்து வைத்தார். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்து பார்த்தார்கள். அரிசி அளவு துண்டுகளை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். சிலர் அதை விபூதி மாதிரி உடம்பில் பூசிப் பார்த்தார்கள். கடைக்காரரின் சகோதரர் கொஞ்சம் தூளைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். அவருடைய மகளுக்கு 6 வயது. மின்னுகிற தூள் என்றால் எந்தக் குழந்தைதான் தொடாமல் இருக்கும்? தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட்டது. தூள் வயிற்றுக்குள்ளே போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்காரரின் மனைவி. அவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆனால் அவர் கவனித்தது தன் உடம்பை மட்டும் இல்லை. இந்தச் சாமான் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொருத்தராகப் படுக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அதற்குள் அந்தச் சாமானை வேறொரு கடைக்கு விற்றாகிவிட்டது. அவர் அங்கே போய், கடை ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அதை ஒரு பையில் போட்டு, பஸ் ஏறி, செப்டம்பர் 28-ந் தேதி சுகாதார அலுவலகத்து டாக்டர் மேசை மேல் வைத்தார். இதுதான் என் வீட்டுக்காரர்களைக் கொல்கிறது என்று சொன்னார். 15 நாளாகப் பல டாக்டர்கள் கண்டுபிடிக்காததை ஒரு குடும்பப் பெண் கண்டுபிடித்தார். படிப்பினால் இல்லை, யாருக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனது என்று நினைவில் வைத்திருந்ததால்.

மறுநாள் ஒரு இயற்பியல் அறிஞர் அளவிடும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். அலுவலகத்தை நெருங்குவதற்குள்ளேயே முள் கடைசிக்கு ஓடி நின்றுவிட்டது. கருவிதான் பழுது என்று நினைத்து வேறு கருவி வாங்கி வந்தார். அதுவும் அப்படியே! அந்த நேரத்தில் தீயணைப்புத் துறையினர் அந்தப் பையை எடுத்து ஆற்றில் போட்டுவிடலாம் என்று இருந்தார்கள். அவர் தடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பிறகு ஊரின் விளையாட்டு மைதானத்தில் 1,12,000 பேருக்கு மேல் வரிசையில் நிறுத்திக் கருவியால் பார்த்தார்கள். அவர்களில் 249 பேர் மேல்தான் தூள் இருந்தது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். பயந்து ஓடிவந்தவர்கள் லட்சத்துக்கு மேல், உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் சில நூறு. ஒரு கதிர்வீச்சு விபத்தில் ஆஸ்பத்திரி சமாளிக்க வேண்டியது இந்த இரண்டு கூட்டத்தையும்தான்.

4 பேர் இறந்தார்கள். கடைக்காரரின் மனைவி, அந்த 6 வயதுச் சிறுமி, கடையில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள். எல்லோரும் 1987 அக்டோபர் பிற்பகுதியில். குழந்தையை அடக்கம் செய்யப் போனபோது, கல்லறைத் தோட்டத்தில் ஊர்க்காரர்கள் கல்லெறிந்து தடுக்கப் பார்த்தார்கள். வெளியூரில் கோயானியாக்காரர் என்றாலே ஓட்டலில் இடம் தர மறுத்தார்கள். "இவர் மேல் கதிரியக்கம் இல்லை" என்று சுமார் 8,000 பேருக்கு அரசாங்கம் சான்றிதழ் எழுதித் தர வேண்டி வந்தது.

வெளிநாட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது. 2010-ல் டெல்லி மாயாபுரியில் இதே போல நடந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985-லிருந்து உபயோகப்படுத்தாமல் கிடந்த ஒரு கருவியைப் பழைய சாமானோடு சேர்த்து ஏலம் விட்டுவிட்டார்கள். உள்ளே கோபால்ட்-60. காயலான் கடையில் அதை உடைத்தார்கள். ஒருவர் அதன் ஒரு துண்டைத் தன் பாக்கெட்டிலேயே வைத்திருந்து, அந்த இடமே புண்ணாகிப் போனது. ஒருவர் இறந்தார், மற்றவர்கள் பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தாய்லாந்தில் 2000-ம் ஆண்டில் நடந்ததும் இதே கதைதான், அங்கே 3 பேர் போய்விட்டார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற நமக்கு, இரும்பு என்றால் காசு என்று மட்டும்தான் தோன்றும்.

சரி, கதிர்வீச்சு என்றால் என்ன? கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி. வாசனை இல்லை, சூடு தெரியாது, சத்தம் இல்லை. கோயானியாவில் நீல வெளிச்சம் தெரிந்தது அந்தப் பொருளின் தன்மை. எல்லாவற்றிலும் அப்படித் தெரியாது. டெல்லியில் பார்த்தது வெறும் பளபளப்பான உலோகத் துண்டுகளைத்தான்.

இங்கே இரண்டு வார்த்தையை நன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இதில்தான் படித்தவர்களும் குழம்புகிறார்கள். ஒன்று, கதிர் படுவது. இன்னொன்று, தூள் ஒட்டுவது.

வெயிலில் நின்றால் தோல் கருக்கிறது, தலை வலிக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நம்ம உடம்பிலிருந்து வெயில் அடிக்குமா? பக்கத்தில் படுத்த குழந்தைக்குச் சுடுமா? கதிர் பட்டவரும் அப்படித்தான். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவரோ, கோபால்ட் துண்டுக்குப் பக்கத்தில் நின்றவரோ, அவரைத் தொட்டால் நமக்கு ஒன்றும் வராது. அவருக்குப் பாதிப்பு இருக்கலாம், ஆனால் அவர் மற்றவருக்கு ஆபத்து இல்லை.

தூள் ஒட்டுவது வேறு. மார்கழி மாசம் கோலம் போட்டுவிட்டு எழுந்தால் கை, புடவை, முடி எல்லாம் கோலமாவு. அப்படியே அடுப்படிக்குப் போனால் தட்டிலும் டம்ளரிலும் ஒட்டும், குழந்தையைத் தூக்கினால் அதன் சட்டையிலும் ஒட்டும். கதிரியக்கத் தூளும் அதே மாதிரிதான் பரவும். மூச்சில் போகலாம், வாயில் போகலாம், புண் வழியாக உள்ளே போகலாம். ஆனால் கோலமாவைப் போலவே இதையும் கழுவ முடியும்! இதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம்.

இந்த வித்தியாசம் தெரியாததால் நம்ம பக்கத்தில் நடக்கிற ஒரு கொடுமையை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் "கரண்ட் வைத்துக்கொண்டு" வருகிற பெண்களுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், பேரப்பிள்ளையைத் தூக்க விடாமல் ஒதுக்கி வைப்பது. இயந்திரத்தில் படுக்க வைத்து வெளியிலிருந்து தருகிற கதிர் சிகிச்சை, இயந்திரத்தை நிறுத்தியதும் முடிந்தது. வீட்டுக்கு வருகிற அந்தப் பெண்ணிடம் துளி கதிர்வீச்சும் கிடையாது. அவரைக் கட்டிப்பிடித்து அழலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் மருந்து குடிக்கக் கொடுத்திருந்தால் மட்டும், குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் சில நாள் தள்ளி இருக்கச் சொல்வார்கள். எத்தனை நாள் என்று டாக்டரே சொல்லி அனுப்புவார்.

இனி அளவு. எதிலும் அளவுதானே விஷயம். கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்று அளக்கிறார்கள். மண், வானம், சாப்பாடு என்று இயற்கையிலிருந்தே ஒரு ஆளுக்கு உலக சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளத்துக் கருநாகப்பள்ளி போன்ற கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. ஆளைப் படுக்க வைக்கும் கதிர்வீச்சு நோய் வருவதற்கு, குறுகிய நேரத்தில் உடம்பு முழுக்க சுமார் 1,000 மில்லிசீவர்ட் அளவுக்குப் பட வேண்டும். சுமார் 4,000 பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் பிழைப்பது கஷ்டம். ஆகையால் டாக்டர் எழுதித் தந்த எக்ஸ்ரேக்குப் பயந்து ஓடாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப் போயிருந்தாலோ எக்ஸ்ரே அறையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

அதிகமாகக் கதிர் பட்டவருக்கு என்ன தெரியும்? முதலில் குமட்டல், வாந்தி. எவ்வளவு சீக்கிரம் வாந்தி வருகிறதோ அவ்வளவு அதிகம் பட்டிருக்கிறது என்று டாக்டர்கள் கணக்கிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் ரொம்பக் கவலைக்குரியது. பிறகு ஓரிரு நாளில் வாந்தி நின்று ஆள் தேறிவிட்ட மாதிரி இருக்கும். இதுதான் ஏமாற்றும் காலம்! "சரியாப் போச்சு" என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார். உள்ளே எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தி நின்றுகொண்டிருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரும், வாயில் புண், காய்ச்சல், பல் ஈறில் ரத்தம். தோலில் என்றால், நெருப்பைத் தொடாமலே தீக்காயம் மாதிரி சிவந்து, நாள் கழித்துக் கொப்புளம் வரும்.

வாந்தி பேதி நம்ம ஊரில் ஆயிரம் காரணத்தால் வரும். அதற்காக எல்லாம் கதிர்வீச்சு என்று பதற வேண்டாம். ஆனால் ஒரே கடையில், ஒரே கொட்டகையில் வேலை பார்த்த இரண்டு மூன்று பேருக்கு வாந்தி, தீயில் படாத கையில் புண், முடி கொட்டுதல் என்று சேர்ந்து வந்தால் சும்மா இருக்கக் கூடாது. டாக்டரிடம் போகும்போது "வயித்தால போவுது" என்று மட்டும் சொன்னால் அவர் பேதி மாத்திரைதான் தருவார். "பழைய சாமான் ஒன்றை உடைத்தோம், ரொம்பக் கனமாக இருந்தது, அதற்குப் பிறகுதான் இப்படி" என்று சொல்ல வேண்டும். தாய்லாந்தில் அதுதான் நடந்தது. ஒரே காயலான் கடை ஆட்கள் கைப்புண்ணோடும் முடி கொட்டியும் வந்ததையும், வெள்ளை அணுக்கள் குறைந்திருந்ததையும் பார்த்து டாக்டர்கள் சந்தேகப்பட்டு அணுசக்தி அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார்கள்.

சந்தேகச் சாமானை எப்படி அடையாளம் காண்பது? மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கை கொண்ட விசிறி மாதிரி ஒரு குறி இருக்கும். நடுவில் ஒரு வட்டம். எக்ஸ்ரே அறைக் கதவில் பார்த்திருப்பீர்கள். அது புரியாமல் விசிறி, மோட்டார் என்று நினைத்தவர்கள் உலகத்தில் நிறைய. அதனால் 2007-ல் சர்வதேச அணுசக்தி முகமை புதிதாக ஒரு குறி கொண்டு வந்தது. சிவப்பு முக்கோணம், அதில் கதிர் அலைகள், மண்டையோடு, ஓடுகிற மனிதன். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஆனால் குறி அழிந்துபோயும் இருக்கலாம். அளவுக்கு மீறிக் கனக்கிற உருளை அல்லது பெட்டி, ஈயக் கவசம், ஆஸ்பத்திரி அல்லது ஆராய்ச்சிக்கூடத்துப் பழைய கருவி இவற்றைக் கண்டால் உடைக்கவோ, அறுக்கவோ, உருக்கவோ கூடாது. பாய்லர், பைப் லைன் வெல்டிங்கைச் சோதிக்கிற இடங்களில் இரிடியம் என்ற கதிரியக்கப் பொருளை உபயோகிக்கிறார்கள். சங்கிலி போல, கம்பித் துண்டு போல சின்னதாக இருக்கும். 1999-ல் பெரு நாட்டில் ஒரு வெல்டர் அப்படி ஒன்றைக் கீழே கண்டெடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். கடைசியில் அவருக்கு ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

கண்டுவிட்டால் செய்ய வேண்டியது, விலகுவது. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்காகும், பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. அதனால் யாரும் வீரம் காட்டி அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. கோயானியாப் பெண்ணுக்கு வேறு வழி தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது. எல்லோரையும் தள்ளி நிறுத்தி, ஒரு கயிறு கட்டி, 112-க்கோ மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077-க்கோ போன் செய்யுங்கள். உடம்பு சரியில்லாதவர் இருந்தால் 108. மும்பையில் இருக்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் சொல்வது, நிபுணர்களை வரவழைப்பது எல்லாம் அதிகாரிகள் வேலை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் நம்ம அரக்கோணத்தில்தான் இருக்கிறது. அந்தப் படையில் இதற்கான பயிற்சி பெற்ற குழுக்கள் உண்டு.

யாராவது தூளைத் தொட்டுவிட்டால்? முதலில் உயிர். ரத்தம் கொட்டினாலோ, மூச்சுத் திணறினாலோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், தூள் பிறகு. இது உலகமெங்கும் டாக்டர்களுக்குச் சொல்லித்தருகிற விதி. கையுறை, மாஸ்க், மேலங்கி போட்டுக்கொண்டு கவனிக்கிற நர்சுக்கும் டாக்டருக்கும் ஆபத்து மிகவும் குறைவு. கோயானியாவில் அந்த 6 வயதுக் குழந்தையைத் தனி அறையில் விட்டுவிட்டு, பக்கத்தில் போக ஊழியர்கள் பயந்தார்கள் என்று படிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது.

அடுத்து, மேல்துணியைக் களைய வேண்டும். இது ஒன்றிலேயே ஒட்டிய தூளில் 90 சதவீதம் வரை போய்விடும்! உதறக் கூடாது. மெதுவாக, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். சட்டையைத் தலை வழியாக இழுக்காமல் பட்டனைக் கழற்றியோ வெட்டியோ எடுத்தால் முகத்தில் படாது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு. மஞ்சள் கிழங்கு உரசுகிற மாதிரி பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கக் கூடாது. தோல் சிராய்த்தால் தூள் உள்ளே போகும். தலைக்கு ஷாம்பு போதும். கண்டிஷனர் போட்டால் தூள் முடியோடு ஒட்டிக்கொள்ளும். மூக்கைச் சிந்தி, வாயைக் கொப்பளித்து, கண்ணைக் கழுவிய பிறகுதான் வாயில் எதையும் வைக்க வேண்டும்.

இதில் பெண்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதிகாரிகள் திட்டம் போடும்போது மறந்துவிடுகிறார்கள். பொது இடத்தில் புடவையைக் கழற்று என்றால் எந்தப் பெண் சம்மதிப்பார்? சங்கடப்பட்டே வீட்டுக்குப் போய்விடுவார், தூளும் அவர் கூடவே போகும். மறைப்புத் தட்டி, தண்ணீர் வசதி, பெண் ஊழியர், மாற்றிக் கட்ட நைட்டி, துண்டு, மாதவிலக்கில் இருப்பவருக்கு நாப்கின் இதெல்லாம் முன்கூட்டியே இருக்க வேண்டும். நகையைக் கழற்றிப் பையில் போடச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள், அதையும் சேர்த்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கருவியால் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஒத்திகை நடக்கும்போது கூட்டமைப்பின் சார்பாக இதையெல்லாம் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று சுருக்கமாகப் பார்ப்போம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, லிம்போசைட் என்ற வெள்ளை அணு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பார்கள். "எத்தனை தடவைதான் குத்துவீங்க" என்று கோபப்படாதீர்கள், அதை வைத்துத்தான் எவ்வளவு கதிர் பட்டது என்றே தெரியும். வெள்ளை அணு குறைந்தால் சாதாரணக் கிருமியே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே தனி அறை, ஆன்டிபயாடிக், அணுக்களை வளர்க்கும் ஊசி, தேவைப்பட்டால் ரத்தத் தட்டணுக்கள் ஏற்றுவது. ரத்ததானம் செய்கிற நம்ம பிள்ளைகள் அப்போது தெய்வமாகத் தெரிவார்கள்.

சீசியம் உள்ளே போனவருக்கு பிரஷ்யன் ப்ளூ என்று ஒரு மருந்து உண்டு. நீலச் சாயம்தான், மருந்துத் தரத்தில் செய்து கேப்சூலாகக் கொடுப்பார்கள். குடலில் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே வந்துவிடும். சாதாரணமாக உடம்பிலிருக்கும் சீசியம் பாதியாகக் குறைய 110 நாள் ஆகும், இந்த மருந்தால் அது 30 நாளாகிறது. கோயானியாவில் 46 பேருக்குக் கொடுத்தார்கள். நீலம் என்றதும் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை யாரும் குடித்துவிடாதீர்கள்! அது வேறு, விஷம்.

இனி அணுமின் நிலையம் பற்றி. கல்பாக்கம், கூடங்குளம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இது அவசியம். நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் இந்தப் பாடம் போகவில்லை. அது இருக்கும்வரை தயாராக இருப்பது நம் உரிமை. நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் இருக்கிறது. நிலையத்துக்கு வெளியே மக்களைக் காக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. அறிவிப்பு வந்தால் முதல் வேலை வெளியே ஓடுவது இல்லை, வீட்டுக்குள் போவது. கதவு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, குடிதண்ணீரையும் சாப்பாட்டையும் மூடி வைத்து, ரேடியோ, டி.வி.யில் வருகிற அரசு அறிவிப்பைக் கேட்க வேண்டும். மாட்டைக் கொட்டகையில் கட்டி, வெளியே கிடந்த புல்லைப் போடாமல், மூடி வைத்த வைக்கோலைப் போடுங்கள். சொல்லும்வரை அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கவும் கூடாது, சொசைட்டிக்கு ஊற்றவும் கூடாது.

பாலுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் உலை வெடித்தபோது கதிரியக்க அயோடின் காற்றில் கலந்து, புல்லில் இறங்கி, மாடு தின்று, பாலில் வந்தது. அதைக் குடித்த பிள்ளைகளின் தைராய்டு சுரப்பியில் போய் உட்கார்ந்தது. அப்போது சிறு வயதில் இருந்தவர்களில் 2005-ம் ஆண்டுக்குள் 6,000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய் கண்டது. அதில் பெரும் பங்கு அந்தப் பாலால் வந்தது. பக்கத்து நாடான போலந்து மட்டும் உடனே விழித்துக்கொண்டு ஒரு கோடிக் குழந்தைகளுக்கு மேல் அயோடின் மருந்து கொடுத்தது. நல்ல அயோடினால் சுரப்பி நிறைந்துவிட்டால் கெட்ட அயோடினுக்கு இடம் இருக்காது. சீட்டுக் கட்டி எல்லா இடமும் நிரம்பிய பஸ் மாதிரி.

ஆனால் இந்த மாத்திரை எல்லாக் கதிர்வீச்சுக்கும் மருந்து இல்லை. அயோடினுக்கு எதிராக மட்டும்தான். சீசியத்துக்கோ கோபால்ட்டுக்கோ உதவாது. சொன்ன நேரத்தில், கதிரியக்கக் காற்று வருவதற்குச் சற்று முன்போ வந்த சில மணி நேரத்துக்குள்ளோ சாப்பிட வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு முதலிடம். வயதானவர்களுக்குத் தேவை குறைவு, பக்கவிளைவு அதிகம். 2011-ல் ஜப்பானில் புகுஷிமா விபத்து நடந்தபோது சீனாவில் ஜனங்கள் கடை கடையாக உப்பு வாங்கிக் குவித்தார்கள். பிலிப்பைன்ஸில் கழுத்தில் பெட்டாடின் தடவச் சொல்லி வதந்தி. உப்புக் கணக்கைப் பாருங்கள். ஒரு பெரியவர் மாத்திரையில் 100 மில்லிகிராம் அயோடின். ஒரு கிலோ அயோடின் உப்பில் குறைந்தபட்ச அளவு 15 மில்லிகிராம். ஆக ஒரு மாத்திரைக்குச் சமமாக 6 கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும்! டிஞ்சர் அயோடினைக் குடித்தால் தொண்டை வெந்துபோகும்.

புகுஷிமாவில் இன்னொன்றும் நடந்தது. அங்கே கதிர்வீச்சு நோய் வந்து அப்போது யாரும் சாகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லங்களில் படுத்த படுக்கையாக இருந்தவர்களை அவசர அவசரமாக பஸ்ஸில் ஏற்றி, மருந்தும் தண்ணீரும் இல்லாமல், போக இடமும் தெரியாமல் மணிக்கணக்கில் கொண்டு போனதில் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். ஆபத்திலிருந்து காப்பாற்றப் போய் உயிர் போன கதை. ஆகவே யார் வீட்டில் நடக்க முடியாத மாமியார் இருக்கிறார், யாருக்கு டயாலிசிஸ், யார் நிறைமாதக் கர்ப்பிணி என்ற பட்டியல் ஊரில் யாரிடமாவது இருக்க வேண்டும். நம்ம ஊக்குநர்களைத் தவிர அதை இவ்வளவு சரியாக எழுத யாரால் முடியும்?

அடுத்த மாதக் கூட்டத்தில், சேமிப்பு, கடன் வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி இதைப் படித்துக் காட்டுங்கள். பிறகு இவற்றைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்:

நம்ம ஊரில் காயலான் கடை எத்தனை? அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு அந்த இரண்டு குறிகளையும் வரைந்து காட்டியாயிற்றா?

112, 108, 1077 எண்களைக் கடையின் சுவரிலும், குழு அலுவலகச் சுவரிலும் யார், எந்தத் தேதிக்குள் எழுதுவது?

கரண்ட் சிகிச்சை முடிந்து வந்தவர் யாராவது நம்ம தெருவில் தனித் தட்டில் சாப்பிடுகிறாரா? அவர் வீட்டுக்கு இந்த வாரம் போவது யார்?

படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள், தினமும் மருந்து எடுப்பவர்கள் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரோடு உட்கார்ந்து எழுதும் பொறுப்பு எந்தக் குழுவுக்கு?